கருத்து நோட்டில் முப்பத்தொரு பேர்

அந்த இசை நாடகத்தை நான் முப்பத்து மூன்று தடவை பார்த்தேன். என் மனைவியைக் கேட்டால் பதினொன்று என்பாள். அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் சொல்லும் எந்த எண்ணையும் மூன்றால் வகுத்த பிறகுதான் காதில் வாங்குவாள். "எங்க வீட்டுக்காரர் ஆயிரத்தெண்ணூறு பேர் கூட்டம்னு சொன்னா, அரங்கத்துல அறுநூறு நாற்காலின்னு எடுத்துக்கோங்க" என்று அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சூத்திரம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

ஆனால் 'ஏழாம் மாடி' நாடகத்துக்கு வந்த கூட்டத்தை எந்த எண்ணாலும் வகுக்க முடியாது. கதை சின்னதுதான். ஏழு மாடிக் கட்டடம் ஒன்று. அதில் குடியிருப்பவர்களைக் காலி செய்யப் பார்க்கும் வீட்டுக்காரர். அவர்கள் பக்கம் நிற்கும் லிஃப்ட்காரன். அவன்மேல் ஆசை வைத்திருக்கும் தொலைபேசி நிலையப் பெண். இதற்குப் போய் ஊரே பைத்தியம் பிடித்து அலைந்தது. வீட்டுக்காரர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு மேடைக்கு வந்தால் போதும், அரங்கம் முழுக்கப் புலிக்கூண்டு மாதிரி உறுமும். முன்வரிசையில் ஒரு அம்மாள், பார்த்தால் பூச்சியைக்கூட மிதிக்காதவர், தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் தூக்கி அவர் மண்டையைக் குறிபார்த்து எறிந்தார். அந்த நடிகர் நிஜத்தில் பரம சாது. ஆட்டம் முடிந்து வாழைப்பழம் வாங்கப் போனால், "ஏழைங்களைத் தெருவுல நிறுத்திட்டு இதுக்குப் பழம் கேக்குதா?" என்று பழக்காரி கூடையை மூடிவிட்டாளாம். நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் சிக்கிக்கொள்ளும் காட்சியில் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஒன்றிரண்டு பேருக்கு மூச்சு திரும்பாமலே போயிருந்தாலும் நான் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன்.

எனக்கு மேடையைவிட ஜனங்கள்தான் வேடிக்கை. வரிசையின் ஓரத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, அழுகிறவர்களையும் சிரிக்கிறவர்களையும் அழுதுகொண்டே முறுக்குக் கடிக்கிறவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓரத்து நாற்காலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. என் வயதில் இடைவேளை மணி அடித்த பிறகு கழிவறைக்குப் போனால், வரிசையில் நின்றே இரண்டாம் பாதி முடிந்துவிடும். அதனால் அந்த மணிக்கு ஏழு நிமிடம் முன்னாலேயே எழுந்து போய்விடுவேன். அந்த ஏழு நிமிடத்தில் மேடையில் இஸ்திரிக்காரம்மா என்று ஒரு சின்னப் பாத்திரம் ஒரு பாட்டுப் பாடும். அதற்கான பின்னணி இசை தொடங்கும்போதே நான் கதவைத் தாண்டியிருப்பேன்.

அரங்கத்தின் முன்கூடத்தில் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அதன்மேல் தடித்த நோட்டு ஒன்று. அட்டையில் 'உங்கள் கருத்து' என்று எழுதி, பேனாவை நூலில் கட்டி வைத்திருந்தார்கள். இங்கேதான் நான் கெட்டேன்.

நான் மின்விசிறிக் கம்பெனி ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் புகார்ப் பிரிவில் இருந்தவன். இதை மூன்றால் வகுக்க வேண்டாம். பென்ஷன் புத்தகத்திலேயே இருக்கிறது. விசிறி சத்தம் போடுகிறது என்று எழுதுகிறவன், சத்தம் போடாததால் ஓடுகிறதா என்றே தெரியவில்லை என்று எழுதுகிறவன், விசிறியைத் திட்டும் சாக்கில் மருமகளைத் திட்டுகிறவள் என்று லட்சம் கடிதம் படித்திருக்கிறேன். எந்த ஆள் எப்படி எழுதுவான், எங்கே அழுத்துவான், எந்த இடத்தில் கை நடுங்கும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகு அந்த வித்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மளிகைச் சீட்டுத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

முதலில் என் எழுத்திலேயே பாராட்டித்தான் எழுதினேன். திங்கட்கிழமை காலை சீட்டு வாங்கப் போனபோது, இயக்குநர் முன்கூடத்தில் உட்கார்ந்து நோட்டைப் படித்துக்கொண்டிருந்தார். சின்ன வயதுக்காரர். ஒல்லியாக, காதில் எப்போதும் பென்சில் செருகியிருப்பார்; நான் அவருக்குப் பென்சில் என்றே பெயர் வைத்திருந்தேன். பாராட்டையெல்லாம் மனிதர் சரசரவென்று தள்ளினார். என் பக்கம் வந்தது. அதையும் தள்ளினார். குறை சொல்லி யாரோ எழுதியிருந்த இடத்தில் மட்டும் பென்சில் நின்றது, அடிக்கோடு போட்டது.

அடுத்த வாரம் ஓய்வுபெற்ற பல் மருத்துவராக மாறி, ஒருவருக்கும் புரியாத கிறுக்கலில் எழுதினேன்: 'வீட்டுக்காரரின் கைத்தடி குட்டையாக இருக்கிறது. இதற்குப் பயந்து யார் வீட்டைக் காலி செய்வார்கள்?' அதற்கடுத்த வாரம் கைத்தடி ஒரு சாண் வளர்ந்து வந்தது! என்னால் உட்காரவே முடியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம், "தடியைப் பார்த்தீங்களா, தடியை?" என்று கேட்டுக் கேட்டு, அவரை இடம் மாறிப் போக வைத்துவிட்டேன்.

பிறகு மூன்று குழந்தைகளின் தாயானேன். தொலைபேசிப் பெண்ணின் தலையில் ரிப்பன் வந்தது. கை நடுங்கும் எண்பது வயதுக்காரரானேன். மேளம் கொஞ்சம் அடங்கியது. இப்படியே சில்லறையாகப் போய்க்கொண்டிருந்தால் பரவாயில்லை. எனக்குப் பெரிதாக ஒன்றை அசைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. ஆனால் எதில் கைவைப்பது? லிஃப்ட்காரன் எனக்குப் பிடித்தவன். வீட்டுக்காரர் அதைவிடப் பிடித்தவர். பிடித்தது எதையும் தொட மனசு வரவில்லை. நான் பார்க்காதது ஒன்றே ஒன்று இருந்தது.

'இஸ்திரிக்காரம்மாவின் பாட்டு இழுவை. நான் மூன்று கொட்டாவி விட்டேன்' என்றார் பல் மருத்துவர். 'என் வரிசையில் ஒன்பது பேர் இருமினார்கள்' என்றார் தாய். 'துருப்பிடித்த கதவு திறப்பது போல் குரல். என் கணவருக்கு விக்கல் எடுத்தது' என்றார் ஒரு தையல்காரம்மா. ரொம்ப மெதுவாகப் பாடுகிறார் என்று ஒருவர், ஓட்டமாகப் பாடுகிறார் என்று இன்னொருவர். கோணல் மாணலாகப் பெரிய எழுத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றும் எழுதியது: 'அந்த ஆன்ட்டியைப் பார்த்தால் பயமாக இருக்கு. நான் கண்ணை மூடிக்கிட்டேன்.' எட்டு வாரத்தில் முப்பத்தொரு பேர். எழுதிவிட்டு, கழுத்து வரை சிரிப்பை அடக்கிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

ஒன்பதாவது வாரம் என் மனைவியும் கிளம்பினாள். அவள் தன் அக்காவோடு முதல் வாரமே பார்த்துவிட்டவள். "எனக்கு அந்தப் பாட்டை மறுபடி கேக்கணும்" என்றாள். எந்தப் பாட்டு என்று நான் கேட்கவில்லை.

இடைவேளைக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது நான் வழக்கம்போல எழுந்தேன். திரும்பி வந்தபோது முன்கூடத்தில் அவள் டார்ச்சம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். டார்ச் அடித்து இடம் காட்டுகிற பெண்ணுக்கு நான் வைத்த பெயர் அது.

"இஸ்திரிக்காரம்மா பாட்டு எங்கம்மா போச்சு? யாரோ மூணு பால்காரங்க வந்து கேனைத் தட்டிக்கிட்டு குதிக்கிறாங்க?"

"எடுத்துட்டாங்கம்மா. ஜனங்களுக்குப் பிடிக்கலைன்னு நோட்டுல எழுதித் தள்ளிட்டாங்க."

"யாரு எழுதினாங்க? நாங்க பார்த்த அன்னிக்கு மூக்கைச் சிந்தாத ஆளே இல்லையே?"

"நாங்களும் பார்த்தோம், என்ன பண்றது? எழுதுறவங்க எழுதத்தானே செய்றாங்க. பாவம், அந்த அக்கா. இருபத்திரண்டு வருஷமா தட்டு தூக்குறதும், கும்பல்ல நிக்கிறதும்தான். தனியா பாடக் கிடைச்சது இது ஒண்ணுதான். இப்ப மூட்டையோட ரெண்டு தடவை குறுக்க நடக்குறாங்க, அவ்வளவுதான். அடுத்த மாசம் குழு எட்டு ஊருக்குப் போகுது. பாட்டு இருக்கிறவங்க மட்டும்தான் போறாங்க. மூட்டை தூக்க அந்தந்த ஊர்லயே ஆள் பிடிச்சுக்குவாங்களாம்."

நான் தண்ணீர் டிரம்மின் குழாயைத் திறந்து, குவளை வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். காலணி நனைந்தது.

என் மனைவி நோட்டைப் புரட்டினாள். நாற்பது வருடம் விடைத்தாள் திருத்தியவள். யார் யாரைப் பார்த்து எழுதினான் என்று பத்தடி தூரத்தில் கண்டுபிடிப்பாள். நான்கு பக்கம் படித்தாள். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இன்னும் இரண்டு பக்கம். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மூணு கொட்டாவி. ஒன்பது இருமல். ஒரு விக்கல். அஞ்சு பேர் தூக்கம்" என்றாள் மெதுவாக. "கச்சேரிக்குப் போனா கொட்டாவியை எண்ணிக்கிட்டு வர்ற ஆள், எனக்குத் தெரிஞ்சு உலகத்துல ஒருத்தர்தான்."

நான் சிரிக்கப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு முகத்தில் பாதியிலேயே நின்றுவிட்டது.

பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். இறங்கும் நிறுத்தத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை பேசினாள். "முதல் வாரம் பார்த்துட்டு வந்து உங்களுக்கு அந்தப் பாட்டைப் பாடிக் காமிச்சேன். கூடத்துல, பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தீங்க. 'ம்ம்'னீங்க."

"ஞாபகம் இல்லை."

"எப்படி இருக்கும்? நாளைக்குப் போய் அந்தம்மாகிட்ட சொல்லுங்க. நான் கூட வர மாட்டேன்."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அரங்கத்தின் பின்வாசல் வழியாகப் போனேன். ஒத்திகை அறை நீளமாக இருந்தது. சுவரோரம் உடைகள் தொங்கின. ஒரு மூலையில் நாடகத்தின் லிஃப்ட் கதவு மட்டும் தனியாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரன் தரையில் படுத்து முதுகை வளைத்துக்கொண்டிருந்தான். ஜன்னலோரம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி மடியில் வெள்ளைக் கோட்டு ஒன்றை வைத்துக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். பால்காரர்களின் கோட்டு. தைக்கிறவர் யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"என்ன சார்? கவுண்டர் முன்னாடிப் பக்கம் இருக்கு" என்றார் பென்சில்.

"சீட்டுக்கு வரலை தம்பி. இஸ்திரிக்காரம்மா பாட்டு விஷயமா வந்தேன்."

"அதான் எடுத்தாச்சே. முப்பத்தொரு பேர் எழுதிட்டாங்க சார், சும்மா இல்லை."

"அந்த முப்பத்தொரு பேரும் நான்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரருக்கு டீ மூக்கில் ஏறியது.

"சார், நீங்கதானே போன மாசம் உங்க ஃபேன் கம்பெனிக்கு ஒரு மகாராணி லெட்டர் போட்டாங்கன்னு சொன்னீங்க?" என்றான் லிஃப்ட்காரன் படுத்தபடியே.

"அது வேற. இது நிஜம்."

"உங்க வீட்டம்மா எங்களுக்கும் சூத்திரம் சொல்லியிருக்காங்க சார்" என்றார் பென்சில். "மூணால வகுத்தா பத்து. மீதி இருபத்தொரு பேர் நிஜ ஆளுங்கதானே? போங்க சார், வேலை கிடக்கு."

வாழ்நாளில் ஒரு முறை கூட்டாமல் குறைக்காமல் ஒன்றைச் சொன்னேன், அதையும் வகுத்துவிட்டார்கள். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. மேசையிலிருந்த காகிதத்தை இழுத்து, பல் மருத்துவரை எழுதினேன். பென்சில் எட்டிப் பார்த்தார். ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தார். அடுத்து தாய். அடுத்து தையல்காரம்மா. எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ஐயோ, அச்சு அசல்!"

"அந்தக் கை நடுங்குற பெரியவர் சார், அவரை எழுதுங்க!"

"கையையும் நடுக்குறார் பாரு, என்ன மனுஷன்!"

மறைக்காமல் சொல்கிறேன், நான்கைந்து வரிகளுக்கு எனக்குப் பெருமையாகவே இருந்தது. எதற்காக வந்தேன் என்பதையே மறந்து, கேட்டவர்களுக்குக் கேட்ட எழுத்தை எழுதிக் கொடுத்தேன். கல்யாணத்தில் பாட்டுக்காரனிடம் கேட்பார்களே, அப்படிக் கேட்டார்கள். அந்த வேகத்தில் பேனாவை முஷ்டியில் பிடித்துக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டி, ஐந்தாம் வகுப்புப் பிள்ளையையும் எழுதினேன்.

"அந்தப் பிள்ளையும் நீங்கதானா சார்?"

ஜன்னலோரத்திலிருந்து வந்த குரல். சத்தமே இல்லாத குரல். எல்லோரும் விலகினார்கள். அவர் ஊசியைக் கோட்டிலேயே குத்திவிட்டு எழுந்து வந்து காகிதத்தைப் பார்த்தார்.

"மத்தவங்க எழுதினதுகூடப் பரவாயில்லைன்னு விட்டுட்டேன்" என்றார். "பெரியவங்க, ஆளுக்கொரு ரசனை. மெதுவா இருக்குன்னாங்க, வேகமாப் பாடினேன். வேகமா இருக்குன்னாங்க, மறுபடி குறைச்சேன். கதவு சத்தம்னாங்க, தொண்டை டாக்டர்கிட்ட போய் வாயைத் திறந்து காமிச்சேன். அவர் ஒண்ணும் இல்லைன்னுட்டார். ஆனா அந்தப் பிள்ளை... கண்ணை மூடிக்கிட்டேன்னு எழுதியிருந்துச்சு. நமக்கு அப்படி ஒரு முகமா இருக்குன்னு வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கருப்பு தடவுறதை நிறுத்தினேன். அந்தப் பிள்ளை இன்னொரு தடவை வந்தா பயப்படக் கூடாதேன்னு, பாடுறப்ப சின்னப் பசங்க உட்கார்ந்திருக்கிற பக்கமாப் பார்த்து லேசா சிரிச்சுக்கிட்டே பாடினேன். அழுகைப் பாட்டு சார் அது."

வீட்டுக்காரர் பிளாஸ்க் மூடியைத் திருகினார். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது.

"எந்த இடம் சார் உங்களுக்கு இழுவையாப் பட்டது? பெட்டியில கரி ஊதுற இடமா, ஒவ்வொரு வீட்டுத் துணியாச் சொல்ற இடமா? தெரிஞ்சுக்கணும்னுதான் கேக்குறேன். கோபத்துல கேக்கலை."

கோபத்தில் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். புகார்ப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் கோபத்துக்குத்தான் பதில் எழுதினேன்.

"நான் கேக்கலைம்மா" என்றேன்.

"என்ன கேக்கலை?"

"பாட்டை. ஒரு வரிகூட."

"முப்பது தடவை பார்த்தேன்னு டார்ச் அடிக்கிற பொண்ணுகிட்ட சொல்லியிருக்கீங்களே? அப்ப எங்கே இருந்தீங்க?"

இடைவேளைக் கூட்டம், வரிசை, ஏழு நிமிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் குலுங்கிச் சிரிக்க வைத்திருக்கக் கூடிய கதை. ஒருவரும் சிரிக்கவில்லை. லிஃப்ட்காரன் தரையிலிருந்து எழுந்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டான்.

பென்சில் காதிலிருந்த பென்சிலை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டார். "தப்பு என்னோடது அக்கா" என்றார் அந்தம்மாவிடம். "நான் உங்களைக் கேட்டிருக்கணும், நோட்டைக் கேட்டேன். சனிக்கிழமை மதிய ஆட்டத்துல உங்க பாட்டைத் திருப்பி வைக்கிறேன். அன்னிக்கு நம்ம குழு முதலாளி வர்றார். ஊருக்குப் போற லிஸ்ட்டை அன்னிக்கே முடிக்கிறார். பால்காரங்களுக்கு நல்லா கைத்தட்டல் விழுந்துக்கிட்டிருக்கு, மாத்துறதுக்கு மனுஷன் யோசிப்பார். ஜனங்க எப்படி எடுத்துக்கிறாங்கன்னு பார்த்துத்தான் சொல்வார். அது என் கையில இல்லை."

"போதும்" என்றார் அவர்.

"அம்மா, நான் எப்படி மன்னிப்பு..."

"அதெல்லாம் அப்புறம் சார். சனிக்கிழமை வந்து முழுசாக் கேளுங்க. அப்புறமும் பிடிக்கலைன்னா எழுதுங்க. உங்க எழுத்துல."

சனிக்கிழமை காலையிலிருந்து நான் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. என் மனைவி என்னை ஓரத்து நாற்காலியில் உட்காரவிடாமல் நடுவில் உட்கார வைத்தாள். இரண்டு பக்கமும் முழங்கால்கள். பின்வரிசையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு, கையைக் கட்டிக்கொண்டு மேடையைப் பார்க்காமல் ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பரிச்சயமானது. நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், இத்தனை நாளும்.

லிஃப்ட் சிக்கியது. லிஃப்ட் கிளம்பியது. மேடை இருண்டு, ஒரு மூலையில் மட்டும் வெளிச்சம் விழுந்தது. அந்தம்மா இஸ்திரிப் பெட்டிக் கரியை ஊதினார். கண்ணுக்குக் கீழே கருப்பு தடவியிருந்தார்.

ஏழு மாடிக்காரர்களின் துணியையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்த்துக்கொண்டே பாடினார். முதல் மாடிக்காரன் சட்டைப்பையில் தினமும் அதே பஸ் டிக்கெட் இருக்கிறது, வேலை போனதை வீட்டில் சொல்லவில்லை. மூன்றாம் மாடிப் புடவையில் கண் துடைத்த கறை. வீட்டுக்காரரின் வேட்டிகூட வந்தது. அவருக்கும் மடித்து வைக்க ஆளில்லையாம். இத்தனை நாள் உறுமிய ஜனம் அந்த வேட்டிக்கு 'த்சொ' கொட்டியது. நான் ஆணியடித்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். குரலில் கதவும் இல்லை, துருவும் இல்லை. மிகைப்படுத்திச் சொல்லப் பழகிய எனக்கு அதைச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

கடைசியாக ஒரு சின்னச் சட்டையை எடுத்தார். பள்ளிக்கூடத்துப் பையன் அளவுச் சட்டை. பெட்டியை அதன்மேல் வைக்காமல் தள்ளி வைத்தார். இசை நின்றது. சட்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

பாட்டு முடிந்துவிட்டது, பின்னால் அந்தப் பெரிய மனிதர் பார்த்துக்கொண்டிருக்கிறார், முதல் கைத்தட்டல் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு கையையும் உயர்த்தி, இடி விழுந்த மாதிரித் தட்டினேன்.

என் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "முடியலைங்க! இன்னும் ரெண்டு வரி இருக்குங்க!"

அதற்குள் என் வரிசை தட்டியது. அடுத்த வரிசை தட்டியது. அறுநூறு பேரும் தட்டினார்கள். அறுநூறுதான், கூட்டவில்லை. பாட்டு முடிந்தது என்று நினைத்துத் திரைக்காரர் கயிற்றை விட, திரை மூன்றடி இறங்கியது. யாரோ இடைவேளை விளக்கைப் போட்டார்கள். ஜனங்கள் கழிவறை வரிசையை நினைத்துக் கடகடவென்று எழுந்து நடைபாதையில் இறங்கினார்கள்.

அந்தம்மா நகரவில்லை. சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றார். திரை தயங்கி, மறுபடி மேலே ஏறியது. விளக்கு அணைந்தது. நடைபாதையில் இருந்தவர்கள் போவதா உட்காருவதா என்று தெரியாமல் நின்றார்கள். அந்த இருமலுக்கும் செருப்புச் சத்தத்துக்கும் நடுவே, இசை எதுவும் இல்லாமல் அவர் பாடினார்.

"எல்லார் துணியும் மடிச்சாச்சு, எடுத்துட்டுப் போக ஆள் வந்தாச்சு..."

அடுத்த வரி எனக்குக் கேட்கவில்லை. முன்னால் நின்றவர் தன் மனைவியிடம், "முடிஞ்சிருச்சா இல்லையா?" என்று கேட்டார். என் உள்ளங்கைகள் எரிந்துகொண்டிருந்தன.

முடிந்தபோது யாரும் தட்டவில்லை. தட்டியாகிவிட்டதே. என் மனைவி மட்டும் தட்டினாள். நான்கைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு பென்சில் முன்கூடத்துக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் பல். "சார், அக்கா லிஸ்ட்ல இருக்காங்க! முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? 'நடுப் பாட்டுல இப்படி ஒரு கைத்தட்டலை நான் பார்த்ததே இல்லை. அது மட்டுமா, கடைசி ரெண்டு வரிக்கு ஜனங்க மரியாதையா எழுந்து நின்னுட்டாங்களேய்யா!'ன்னு கண்ணைத் தொடைச்சுக்கிட்டார். எல்லாம் நீங்க ஆரம்பிச்சு வெச்சது சார். வாங்க, உள்ளே வாங்க!"

அவர்கள் எழுந்து நின்றது எதற்காக என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். என் மனைவி என் முழங்கையை அழுத்தினாள். மூடிக்கொண்டேன். என்னை இழுத்துக்கொண்டு போய் ஒத்திகை அறையில் நிறுத்தினார்கள். வீட்டுக்காரர் என் கையைக் குலுக்கினார். லிஃப்ட்காரன் முதுகில் தட்டினான். குற்றவாளிக்கு மாலை போடுவது மாதிரி இருந்தது.

அந்தம்மா ஈரத்துணியால் கண்ணுக்குக் கீழே துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் கருப்பு போயிருந்தது, இன்னொன்றில் இருந்தது.

"வந்தீங்களே, சந்தோஷம்" என்றார். "கடைசி ரெண்டு வரி காதுல விழுந்துச்சா சார்?"

அற்புதம் என்று சொல்லலாம். அழுதுவிட்டேன் என்று சொல்லலாம். என் பக்கத்தில் பதினாறு பேர் தேம்பினார்கள் என்று சொல்ல நாக்கு தயாராகவே இருந்தது.

"முதல் வரிதான்மா விழுந்தது" என்றேன். "ரெண்டாவது கேக்கலை."

அவர் துணியை மடித்து மேசையில் வைத்தார்.

"எனக்கும் முதல் வரிதான் சார் வந்தது" என்றார். "ரெண்டாவதுல சும்மா வாயை அசைச்சேன்."

என் மனைவி அவர் பக்கத்தில் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். எட்டு ஊருக்கும் எப்போது கிளம்புகிறார்கள், துணிமணிக்குப் பெட்டி இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கினாள். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவர்கள் பேசி முடிக்கும் வரை அங்கேயே நின்றேன்.